வாடாமல்லிக்கு ஏற்ற வெளிச்சம்

ஞானசேகரன் அண்ணன் முதலில் ரவிக்கைத் துணியின் முனையை இடது கட்டைவிரலில் மோதிரம் போலச் சுற்றிக்கொள்வார். வாடிக்கையாளர் கொண்டுவந்த சேலையை அதன்மேல் வைத்து ஆள்காட்டி விரலால் அழுத்துவார். தலையைத் தோள்பக்கம் சாய்த்து ஒரு கண்ணை மூடுவார். பிறகு கல்லாவை விட்டு எழாமல், உடம்பு முழுவதையும் கடைக்குள் வைத்துக்கொண்டு, அந்தக் கையை மட்டும் வாசலுக்கு வெளியே வெயிலில் நீட்டுவார். கொரட்டூர் ஸ்டேஷன் ரோட்டில் அந்தக் கையை அறியாதவர்கள் குறைவு. சைக்கிள்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். புதிதாக வந்த ஷேர் ஆட்டோக்காரர்கள் தங்களைத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்று நிறுத்தி, ஏறுவதற்கு ஆள் இல்லாமல் கையைத் திட்டிவிட்டுப் போவார்கள். ஒருமுறை மாடு ஒன்று அரக்குக் கலர் துணியை விரலோடு சேர்த்து நக்கியது. அவர் கையை இழுக்கவில்லை. கலர் பொருந்துகிறதா என்று இன்னும் முடிவாகவில்லை.

கடையின் பெயர் ரேஷ்மா மேட்சிங் சென்டர். ரேஷ்மா அவருடைய மகள், எட்டாம் வகுப்பு. சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுப்பதுதான் தொழில். பச்சை என்று கேட்டால் அலமாரியில் ஒரு ஆள் உயரத்துக்குப் பச்சை அடுக்கியிருக்கும். அவர் கை நீட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகும், வந்த பெண்கள் சேலையையும் துணியையும் வாரிக்கொண்டு ரோட்டுக்குப் போய்த் தாங்களும் ஒருமுறை பார்ப்பார்கள். இந்த ஊர்ப் பெண்கள் புருஷனை நம்பினாலும் நம்புவார்கள், கடை விளக்கை நம்ப மாட்டார்கள்.

இப்படி ஊரில் பாதிப் பேருக்குத் துணி கிழித்துக் கொடுத்தவர் கடையில் துணியே வாங்காத ஒருவர் இருந்தார். அவர் மனைவி பானுப்பிரியா.

நாங்கள் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிறோம். மாடியில் அவர்கள், கீழே நானும் அம்மாவும். என் அம்மா புஷ்பா தையல் வேலை செய்பவர். அண்ணன் கடையில் கிழித்த துணிகளில் பாதி அம்மாவின் மெஷினுக்குத்தான் வரும். மாடி வீட்டுக் குளியலறையின் வென்டிலேட்டர் படிக்கட்டைப் பார்த்துத் திறக்கிறது. படியில் உட்கார்ந்து கவிதை படிப்பது என் வழக்கம். அந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த வென்டிலேட்டர் வழியாக வந்ததுதான். அண்ணன் படியேறும்போது என் கையிலிருக்கும் புத்தகத்தை எட்டிப் பார்ப்பார். "இன்னா நைனா, வரிக்கு ரெண்டு வார்த்தைதான் கீது. மீதி எடத்துக்கும் சேத்தா காசு குடுத்த?" என்பார். கேட்டுக்கொண்டே மேலே போய்விடுவார்.

பானு அக்கா துணி வாங்காமல் போனதற்குக் காரணம் வேப்பம்பட்டில் நடந்த கிரகப்பிரவேசம். அவருடைய அம்மா வேம்புலியம்மாள் அங்கே வீடு கட்டினார். விசேஷத்துக்கு முந்தின நாள் ஐப்பசி மழை கொட்டியது. பானு அக்காவின் வாடாமல்லிச் சேலைக்குத் துணி தேடிய அண்ணன் வழக்கம்போலக் கையை நீட்டினார். கை நனைந்ததே தவிர கலர் தெரியவில்லை. கடையில் அப்போதுதான் மாட்டியிருந்த எல்இடி விளக்கை நம்பித் துணியைக் கிழித்தார். அன்றைக்கே அம்மா தைத்துக் கொடுத்தார். மறுநாள் காலை மழை விட்டு, புது வீட்டு வாசலில் வெயில் அடித்தது.

"இன்னாடி பானு," என்றார் வேம்புலியம்மாள், பால் காய்ச்ச வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "சேலை வாடாமல்லி, ஜாக்கெட்டு கத்திரிக்காயா? மாப்ள கடையில துணிக்கு அவ்ளோ பஞ்சமா?"

பந்தியில் பானு அக்காவின் இலையில் மட்டும் கேட்காமலே இரண்டு தடவை கத்திரிக்காய்க் கூட்டு விழுந்தது. பரிமாறிய மாமா சிரிக்காமல் பரிமாறினார் என்பதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ரவிக்கைத் துணி வேண்டுமென்றால் ஷேர் ஆட்டோ ஏறி அம்பத்தூர் போனார். வாங்கி வந்த பையை, கடைப் பெயர் தெரியும்படி, டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஊரே நம்பகிட்ட வாங்குது. நீ இன்னாத்துக்கு அம்பத்தூர் போற?"

"ஊரு இன்னா உன்கூட வேப்பம்பட்டுக்கு வந்துச்சா?"

"தப்பு என் கண்ணுல இல்ல பானு. லைட்டுல கீது."

"அப்ப லைட்டையே கட்டிக்கினு குடும்பம் நடத்து."

அண்ணன் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்.

யூடியூபில் யாரோ ஒரு கல்லூரி வாத்தியார் வெளிச்சத்தைப் பிரித்துப் படம் எடுப்பது எப்படி என்று காட்டியிருந்தார். அதைப் பார்த்து அண்ணன் ஒரு குழல் செய்தார். துணி சுற்றி வரும் கெட்டி அட்டைக் குழல், கடையில் எப்போதும் கிடப்பது. ஒரு முனையை அடைத்து, அதில் ஷேவிங் பிளேடு இரண்டை முகத்தோடு முகம் வைத்து ஒட்டி, நடுவே மயிரிழை அளவுக்குச் சந்து விட்டார். வெளிச்சம் அந்தச் சந்து வழியாக உள்ளே வரும். மறுமுனையில் டிவிடியின் வெள்ளிப் படலத்தை உரித்துவிட்டு ஒரு துண்டு வைத்தார். வந்த வெளிச்சத்தை அது நிறம் நிறமாகப் பிரித்துப் பரப்பும். அந்த டிவிடி அவர்களுடைய கல்யாண வீடியோ. இரண்டு காப்பி இருந்ததில் ஒன்றைத்தான் வெட்டினேன் என்பது அவர் கட்சி. மீதமிருப்பதில் மறுவீட்டு விருந்து மட்டும்தான் இருக்கிறது என்பது அக்கா கட்சி. டிவிடி துண்டுக்குப் பின்னால், ரேஷ்மாவின் முதல் பிறந்தநாளுக்கு வாங்கிய டிஜிட்டல் கேமராவை ரப்பர் பேண்டால் கட்டினார்.

படம் எடுக்க இருட்டு வேண்டும். வீட்டில் இருட்டாக்க முடிந்த ஒரே இடம் குளியலறை. வென்டிலேட்டரைக் குடைத்துணியால் மூடினார். கவிழ்த்த பக்கெட் மேல் குழல், குழலுக்கு எதிரே பல்பு.

"எவ்ளோ நேரம்யா? பாப்பா ஸ்கூலுக்குக் குளிக்கணும்."

"கேமரா எட்டு செகண்டு ஓப்பன்ல கீது. கதவத் தட்டாத, ஆடுது."

"எட்டு செகண்டுன்னு எட்டு மணிலேர்ந்து சொல்ற."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படங்கள் டிவியில் ஏறின. என்னையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். கறுப்பில் ஒரு வண்ணப் பட்டை, அடுத்து இன்னொன்று, அடுத்து இன்னொன்று. வெயிலின் பட்டை நீலத்திலிருந்து சிவப்பு வரை விடாமல் ஓடியது. உற்றுப் பார்த்தால் நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள், தறியில் இழை விட்டுப்போன மாதிரி. பழைய குழல்விளக்கு அப்படி இல்லை. இங்கே ஒரு பச்சை, அங்கே ஒரு சிவப்பு என்று லுங்கிக் கோடு போலத் தனித்தனியாக நின்றது. கடையின் எல்இடியில் நீலம் ஒரு கொத்தாகக் கொழுத்திருந்தது. அதற்கு அடுத்து வெளிறிய ஒரு பள்ளம். சிவப்பு ஓரத்துக்குப் போகும்போது மூச்சு வாங்கியது. கேஸ் அடுப்பில் உப்புத் தண்ணீரைத் தெளித்து எடுத்த படத்தில் இருட்டும், நடுவில் ஒற்றை மஞ்சள் கோடும் மட்டுமே இருந்தன.

"உப்பு ஏன் தீருதுன்னு இப்பதான் தெரியுது," என்றார் பானு அக்கா.

"இதப் பாரு பானு. சூரியன் எல்லாக் கலருக்கும் சோறு போடுது. இந்த எல்இடி நீலத்துக்கு ரெண்டு கரண்டி, சிவப்புக்குக் கால் கரண்டி. வாடாமல்லில ரெண்டும் கீது. அது இன்னா பண்ணும்? கெடச்சதத்தான் துன்னும். அதான் அன்னிக்கு சேலையும் துணியும் ஒண்ணு மாரி தெரிஞ்சுது. குத்தம் கரண்டி மேல."

"கரண்டி பிடிச்சது நீதான?"

அண்ணன் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

வீட்டு விளக்குகள் தீர்ந்ததும் தெருவுக்கு இறங்கினார். எங்கள் தெரு முனையில் டில்லிபாபு தள்ளுவண்டியில் சிக்கன் பக்கோடா போடுகிறார். அவர் பல்புக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெருவில் யாரும் கேட்பதில்லை. ஒரு சாயங்காலம் அவர் வண்டிக்கு எதிரே பேன்ட் போட்ட ஒருவர் நீளக் குழல் ஒன்றைப் பல்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். டில்லிபாபு கரண்டியைப் போட்டுவிட்டுக் கம்பத்திலிருந்து ஒயரைச் சுண்டி இழுத்தார். அதைப் பார்த்த பானிபூரிக்காரர் தன் ஒயரை இழுத்தார். பூக்கடைக்காரரும் இழுத்தார். தெரு இருட்டானது.

"யார்பா லைட்ட ஆஃப் பண்ணது? இப்பதான் செட் பண்ணேன்!"

"அண்ணாத்தே, நீயா!" என்றது இருட்டிலிருந்து டில்லிபாபுவின் குரல். "நான் இபி ஆளுன்னு நெனச்சிக்கினேன். பக்கோடா எண்ணெயில கீது, வெந்துச்சா கருகிச்சான்னே தெரில!"

"லைட்ட போடு மாமே, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"போட்டோவா? ஆளு மட்டும் இல்ல, ஆதாரம் வேறயா? நீ போ அண்ணாத்தே, உனக்கு ஒரு பொட்லம் கட்டித் தர்றேன், போயிடு."

அந்த மாதம் முழுவதும் மாடி வீட்டுக்கு இலவசப் பக்கோடா வந்தது. பானு அக்கா இந்த ஆராய்ச்சியைப் பற்றி ஒரே ஒருமுறை நல்லதாகச் சொன்னது அப்போதுதான்.

இதற்கிடையே அக்காவின் தம்பி நிர்மலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் மண்டபம். இப்போதைய வழக்கப்படி வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே கலர் சேலை, பானு அக்காவோடு சேர்த்துப் பதினொரு பேர். வேம்புலியம்மாள் தேர்ந்தெடுத்த கலர் வாடாமல்லி. அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

"ஜாக்கெட்டுத் துணி மாப்ள கடையிலதான்," என்றார் அவர், மாடியில் காபியை ஆற்றிக்கொண்டே. "கடைய வெச்சிக்கினு வெளிய வாங்கினா ஜனம் இன்னா பேசும்?"

"பதினொண்ணும் கிழிச்சிடட்டுமா அத்தை?"

"பத்து கிழிங்க. பதினொண்ணாவத பானுகிட்ட கேட்டுக்கோங்க."

அன்று வென்டிலேட்டர் வழியாக அண்ணன் குரல் வந்தது. குளியலறைக்கு வெளியே நின்று, உள்ளே துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவைக் கேட்டார். "உனக்கும் சேத்துக் கிழிக்கட்டுமா?"

துணி அடிக்கும் சத்தம் நின்றது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"கிழி. போட்றனா இல்லியான்னு அப்றம் பாக்கலாம்."

அண்ணனுக்கு மற்ற பத்துப் பேரும் ஒரு பொருட்டில்லை என்று அவர் படியிறங்கிய விதத்திலேயே தெரிந்தது. அந்தப் பதினோராவது ரவிக்கையைப் பானு அக்கா போட்டுக்கொண்டு, வேம்புலியம்மாளுக்கு முன்னால், வேப்பம்பட்டுச் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நைனா, ஜாக்கெட்டப் போட்டுகினு எங்க நிக்கப் போறாங்க? ரோட்டுலயா? மண்டபத்துல. அப்ப நான் எந்த லைட்டுக்கு மேட்ச் பண்ணணும்? சூரியனுக்கா?"

நான் யோசித்துவிட்டு, "மண்டபத்து லைட்டுக்கு," என்றேன்.

"அவ்ளோதான். கை நீட்டிப் பாக்கறதெல்லாம் அந்தக் காலம். வண்டிய எடு."

மண்டபத்தில் விசேஷம் நடக்கும்போதுதான் எல்லா விளக்கும் எரியும். எனவே முன்பின் தெரியாத ஒருவருடைய கல்யாண ரிசப்ஷனுக்கு நாங்கள் போனோம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை, கையில் குழல். அட்டை அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று குழலுக்குக் கடையிலிருந்த தங்கநிறக் காகிதத்தைச் சுற்றியிருந்தார். அது எவ்வளவு பெரிய தவறு என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

தூணுக்குப் பின்னால் நின்று கூரை விளக்கைக் குறிவைத்து நாலைந்து படங்கள் எடுத்தார். கேமராவைக் கழற்றிப் பைக்குள் போட்ட நேரத்தில் பட்டு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார்.

"நீங்க பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?"

"நாங்க... லைட்டு பாக்க வந்தோம்," என்றார் அண்ணன். பொய் சொல்ல அவருக்கு வராது.

"ஓ, எலக்ட்ரீசியனா? எவ்ளோ நேரமா தேட்றது! அந்த மூலைல ஃபேன் ஓடல, பொம்பளைங்க விசிறிக்கினு கீறாங்க. ஏணி எட்த்தாரச் சொல்றேன், இருங்க."

ஏணிக்கு ஆள் போன இடைவெளியில் நாங்கள் அருகிலிருந்த வரிசையில் புகுந்துகொண்டோம். அது பந்தி வரிசை என்று நினைத்தோம். மெல்ல நகர்ந்து, படியேறி, மணமேடைக்குப் போய்விட்டது. முன்னால் வீடியோ விளக்கு, பின்னால் ஒரு பெரிய குடும்பம். திரும்ப வழியில்லை. மாப்பிள்ளை அண்ணனைக் கட்டிப்பிடித்து, "வாங்க மாமா," என்றார். மணப்பெண் தங்கக் காகிதக் குழலைப் பார்த்து முகம் மலர்ந்து இரண்டு கையையும் நீட்டினார். அண்ணன் குழலை ஒரு கணம் மார்போடு அணைத்துக்கொண்டார். பெண் விடாமல் சிரித்தார். போட்டோகிராபர், "சார், குடுக்கற மாரி அப்டியே நில்லுங்க," என்றார்.

கொடுத்துவிட்டார்.

"நல்லா இருங்கம்மா," என்றார். "பிளேடு கீது, பாத்து பிரிங்க."

எங்கோ ஒரு வீட்டு ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கும். நான் அதில் அரைக் காதும் ஒரு தோளுமாக இருப்பேன்.

படங்கள் பத்திரமாக இருந்தன. பழைய வகைக் குழல்விளக்கின் லுங்கிக் கோடுகள் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. அண்ணன் அம்பத்தூரிலிருந்து பாடி வரை அலைந்து, ஒரு கடையின் பரணிலிருந்து அதே வகைக் குழல்விளக்கைச் சோக், ஸ்டார்ட்டரோடு வாங்கி வந்து குளியலறையில் மாட்டினார். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் கல்யாண மண்டப வெளிச்சத்தில் குளித்தது. கடையிலிருந்த வாடாமல்லி வகைகள் எல்லாவற்றையும் அதன் கீழே சேலையோடு வைத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதினொரு துண்டு கிழித்தார். வெயிலில் ஒருமுறைகூடக் காட்டவில்லை. பத்துத் துண்டுகள் வேம்புலியம்மாளிடம் போயின. பதினோராவதைப் பானு அக்கா வாங்கிப் பீரோவில் வைத்தார். பிறகு எல்லாம் அம்மாவின் தையல் அறைக்கு வந்தன. அளவு கொடுக்கப் பெண்கள் வந்து போகும் நாட்களில் நான் அந்த அறைப்பக்கம் போவதில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் நுழைந்ததும் அண்ணன் மேலே பார்த்தார். அவருடைய குழல்விளக்குகள் அத்தனையும் அணைந்திருந்தன. அலங்காரக்காரர்கள் கொண்டுவந்த விளக்குகள் மேடையை ஒரு நேரம் ரோஸாகவும் ஒரு நேரம் நீலமாகவும் மாற்றிக்கொண்டிருந்தன. ஐயர் கட்டியிருந்த வெள்ளை வேட்டி தாலி கட்டி முடிவதற்குள் எல்லாக் கலரும் ஆனது. பதினொரு வாடாமல்லிகளும் எந்தக் கலர் என்று கடவுளுக்கே தெரியாது.

"தம்பி, இத்த ஆஃப் பண்ணுப்பா!"

"முடியாது சார், பேக்கேஜ்ல கீது," என்றான் விளக்குக்காரன்.

தாலி கட்டியதும் போட்டோகிராபர் மைக்கைப் பிடித்தார். "ஃபேமிலி லேடீஸ் எல்லாம் வெளிய வாங்க. உள்ள லைட்டு சரியில்ல." அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

மண்டப வாசலில், ஹைவே லாரிகளின் இரைச்சலில், உச்சி வெயிலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அண்ணன் ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். வேம்புலியம்மாள், பொருத்தம். சித்தி, பொருத்தம். அண்ணிகள், பொருத்தம். சேலை எங்கே முடிகிறது, ரவிக்கை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அவர் முகம் விரிந்துகொண்டே போனது. பத்தாவது ஆளும் பொருத்தம். கடைசியில் நின்றவர் பானு அக்கா. வாடாமல்லிச் சேலை, கத்திரிக்காய் ரவிக்கை.

விரிந்த முகம் அப்படியே சுருங்கியதை நான் பார்த்தேன்.

"அத்தை, பாத்தீங்களா?" என்று மாமியாரிடம்தான் முதலில் போனார். "உள்ளயும் மேட்ச், வெயில்லயும் மேட்ச்!"

"ஆமா மாப்ள, நல்லாத்தான் கீது," என்ற வேம்புலியம்மாள் வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் அம்மா கைப்பையைத் திறந்து எதையோ வெகுநேரம் தேடினார்.

பிறகு மனைவியிடம் போனார். "பத்து பேருக்கும் ஒட்டுது. உனக்கு மட்டும் ஏன் ஒட்டல? அம்பத்தூர் போய்ட்டு வந்த, அதான?"

பானு அக்கா தலைப்பை இழுத்துத் தோளை மூடினார். "பேசி முடிச்சிட்டியா? பந்திக்கு வா, பசிக்குது."

அண்ணன் அவரோடு போகவில்லை. வேறு வரிசையில் உட்கார்ந்து, பாயசம் வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டினார். வலது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. பத்துப் பெண்கள் இருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டி, குழலையும் குளியலறையையும் பற்றி அரைமணி நேரம் சொன்னார். கேட்டுவிட்டு அவர்கள் துணியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த பானு அக்கா முதல் நாளே படத்தைக் கவனித்தார்.

"என்ன வெட்டிட்டியா?"

"கடைக்கு விளம்பரம். பொருந்தாதத மாட்ட முடியுமா?"

"சரி. கொழம்பு சூடா கீது, துன்னு."

நான் கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. படத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

மாதங்கள் கழித்து, வேம்புலியம்மாளின் வாடாமல்லி ரவிக்கை தளர்த்துவதற்காக அம்மாவிடம் வந்தது. அம்மா அதன் பக்கத்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் டீ கொண்டுபோனேன். உள்ளே லைனிங் இருக்கும் இடத்தில் கத்திரிக்காய்க் கலர் துணி தெரிந்தது.

"இது இன்னாம்மா?"

"உங்க ஞானசேகரன் குடுத்த துணி," என்றார் அம்மா, ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "கெழவி பத்தையும் எட்த்தாந்து நம்ப மொட்ட மாடில வெயில்ல போட்டுப் பாத்துச்சு. சிரிச்ச சிரிப்புல அதுக்குப் புரையேறிப் போச்சு. மறுநாளே அம்பத்தூர் போய் எல்லாருக்கும் வேற துணி வாங்கியாந்துட்டுது. மாப்ளைக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், இத்த உள்ள வெச்சித் தைச்சிடுன்னுச்சு. பத்துக்கும் அப்டித்தான் தைச்சேன்."

"பானு அக்காவுக்கு?"

"அவளுக்கும் சேத்துத்தான் வாங்கியாந்துது."

அக்கா அம்பத்தூர்த் துணியையும் அண்ணன் கொடுத்த துணியையும் ஒன்றாகக் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தாராம். அம்பத்தூர்த் துணியை லைனிங்காக உள்ளே வைத்து, அண்ணன் கிழித்துக் கொடுத்ததை வெளியே வைத்துத் தைக்கச் சொன்னாராம்.